மஞ்சள் கண்ணிகள்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் வீட்டுக்காரியும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி நீ எழுதவில்லை. என்னைத் திட்டுவதற்கே தாள் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருந்தாய்.

விஷயத்துக்கு வருகிறேன். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் முன்பக்கத்தில் கடகடவென்று ஒரு சத்தம். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கிறது. சூடானதும் அடங்கிவிடுகிறது. உன் பட்டறையில் ஆறு வருஷம் பில் எழுதியவனுக்கு இது என்னவென்று தெரியாமல் போகுமா? டைமிங் செயின் தளர்ந்துவிட்டது. இப்படியே ஓட்டினால் ஒருநாள் செயின் பல் தாண்டும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

அதை நானே மாற்றப் போகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

இந்த ஊர்ப் பட்டறைகளில் விட எனக்கு மனமில்லை. ஒருவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்குச் செயின் போடறதுக்குப் பதிலா மாலை போட்டுடலாம் சார்" என்றார். உன்னிடம் தொழில் பழகியவராக இருக்க வேண்டும். எனக்குப் பட்டறைக்காரர்களின் குரலே ஆகவில்லை. காரணம் உனக்குத் தெரியும்.

மழை தொடங்குவதற்கு முன்னால் நகராட்சியின் புதுச் சாலைக்கு மரக்கன்றுகளைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். எங்கள் நாற்றுப் பண்ணைக்கு இதுவரை கிடைத்ததில் பெரிய வேலை அதுதான். வண்டி இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. அந்த வேலை இல்லாவிட்டால் பண்ணையை மூடிவிட்டு உன் பில் மேஜைக்குத்தான் திரும்ப வேண்டும். அது நடக்கக் கூடாது என்றுதான் உனக்கே எழுதுகிறேன்.

என்னிடம் வண்டியின் கையேட்டு நகல் ஒன்று இருக்கிறது. செயின் பக்கம் பாதிதான் விழுந்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்பு. நேரில் வர வேண்டாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஜனவரி 17

தம்பிக்கு அக்கா எழுதுவது,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய்; இல்லாவிட்டால் இவ்வளவு கொழுப்பு இருக்காது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அது என்னோடு பிறந்தது, உன்னைப் போல விட்டுவிட்டு ஓடாது.

உன் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நெட்டையன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "பில்லுவா? நம்ம பில்லுவா செயின் மாத்தப் போறாரு?" என்று இரண்டு தடவை கேட்டான். அவர்கள் உனக்கு வைத்த பேர் இன்னும் மறக்கவில்லை, சந்தோஷப்படு.

சைக்கிள் செயின் கழன்றால் வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தவன் நீ. கையில் கிரீஸ் பட்டால் மூன்று தரம் சோப்புப் போட்டவன் நீ. மேஜையில் உட்கார்ந்து "டைமிங் செயின் மாற்றியது, ஒன்று" என்று எழுதியவனுக்கு அதை மாற்றத் தெரியும் என்றால், மருந்துக் கடையில் பொட்டலம் மடிப்பவன் எல்லாம் ஆபரேஷன் செய்யலாம். நீ கன்றுக்குத் தண்ணீர் ஊற்று. அதுவாவது ஒழுங்காக வருகிறதா என்று பார்.

அந்த வண்டியை வாங்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், அதனால் கேட்கவில்லை. பெயிண்டைப் பார்த்து வண்டி வாங்கும் ஆட்கள் இருப்பதால்தான் எங்களுக்கெல்லாம் பிழைப்பு நடக்கிறது.

ஒழுங்காக ஒரு லாரியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வா. நான் செய்து தருகிறேன். கூலி வேண்டாம். அவளையும் கூட்டிக்கொண்டு வா. மாடி அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். சும்மா கிடந்தது, எலி வருகிறது.

பில் எழுத வந்த புதுப் பையனும் போன வாரம் நின்றுவிட்டான். நான் கத்துகிறேனாம். இந்தக் காலத்துப் பையன்களுக்குக் காது இருக்கும் அளவுக்கு மூளை இருப்பதில்லை.

அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். நீ நலம் என்று உன் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். நலமில்லாத ஆளால் அந்த மாதிரி எழுத முடியாது.

என் கடிதத்தை வாசித்துக் காட்டினாய் அல்லவா, இதையும் வாசித்துக் காட்டு. கூட்டம் கூட்டி ஒருவனை அவமானப்படுத்துவது ஒரு தொழில் என்றால், அந்த ஊரிலேயே பெரிய பட்டறை உன்னுடையதுதான். நான் பில் எழுதிய கடைசி நாளில் மூன்று வாடிக்கையாளர்கள் முன்னால் என்னை என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "இவனுக்குப் பேனா பிடிக்கக் குடுத்ததே தர்மத்துக்கு." நான் வண்டி வாங்கியது பெயிண்டைப் பார்த்து இல்லை. உன்னிடமிருந்து எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்து வாங்கினேன்.

வேலையைத் தொடங்கிவிட்டேன். ரேடியேட்டரைக் கழற்றி வெளியே வைத்தாயிற்று. போல்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு நீளம் என்று தெரியும். அதனால் நாற்றுத் தட்டை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு போல்ட்டைப் போட்டு, அது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று பக்கத்தில் குச்சி குத்தி எழுதி வைத்திருக்கிறேன். விதை போடும் தட்டில் போல்ட் முளைத்திருக்கிறது என்று அவள் சொல்லிச் சிரிக்கிறாள்.

நீ எழுதி அனுப்பாவிட்டாலும் நான் நிறுத்தப் போவதில்லை. அரைகுறையாகச் செய்து எஞ்சினைக் கெடுப்பேன். அப்போது அந்தப் பழி உனக்கும் பாதி.

தம்பி

*

பிப்ரவரி 14

தம்பிக்கு,

இங்கே சுகம். ரேடியேட்டரைக் கழற்றிவிட்டுக் கடிதம் எழுதுகிறவனின் சுகத்தை நான் என்ன விசாரிப்பது?

போல்ட்டுக்கு நாற்றுத் தட்டா. நெட்டையனிடம் சொல்லவில்லை. அவன் வயிற்று வலிக்காரன், சிரித்தால் தாங்காது.

சொல்கிறேன், எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள். பேட்டரி ஒயரைக் கழற்று. ஆயிலை வடித்துவிடு. ஸ்பார்க் பிளக் நாலையும் எடுத்துவிட்டால்தான் எஞ்சின் கைக்குச் சுற்றும். மேல்மூடியைத் திற. கீழே இருக்கும் கிராங்க் தண்டைச் சுற்றி முதல் பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்து. அப்போது மேல் பல்சக்கரத்தில் இருக்கும் புள்ளி எஞ்சினில் உள்ள கோட்டுக்கு நேராக நிற்கும். நிற்காவிட்டால் இன்னொரு சுற்று சுற்று, உடனே அழாதே.

முன்னால் இருக்கும் புல்லியின் போல்ட் லேசில் வராது. கியரைப் போட்டு, உன் வீட்டுக்காரியைப் பிரேக்கில் ஏறி நிற்கச் சொல். ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயை மாட்டி இழு. உன் பலத்துக்கு இரண்டு குழாய் வேண்டியிருக்கும். முன்மூடியைக் கழற்றியதும் கீழே ஆயில் தொட்டியின் வாய் தெரியும். அதைத் துணி வைத்து அடை. ஒரு நட் உள்ளே விழுந்தால் முழுத் தொட்டியையும் கழற்ற வேண்டியதுதான். அப்படியே உன் வாயையும் அடைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கைடுகள் எல்லாவற்றையும் மாற்று. பழையதையே போட்டு மிச்சம் பிடிக்காதே. கைடு உடைந்திருந்தால் துண்டு தொட்டியில்தான் கிடக்கும், தேடி எடு.

புதுச் செயினில் மூன்று கண்ணிகளுக்கு மஞ்சள் அடித்திருக்கும். இரண்டு மேல் பல்சக்கரத்துப் புள்ளியின் இரு பக்கமும் உட்கார வேண்டும், ஒன்று கீழே கிராங்க்கின் புள்ளியில். அப்படி உட்கார்ந்தால்தான் டைமிங் சரி. பிறகு கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மூடு.

இதைப் படித்தால் உனக்கே தெரியும், உன்னால் ஆகாது என்று. தெரிந்ததும் எழுது, லாரி அனுப்புகிறேன்.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம், என் விரல் முட்டிகளில் தோல் இல்லை, அதைத் தவிர. உன் முழங்காலுக்கு அவள் ஒரு தைலம் அனுப்பியிருக்கிறாள். சூடாகத் தேய்க்கச் சொன்னாள்.

பாராட்ட மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். புல்லி போல்ட் வந்துவிட்டது. ஒரு குழாய்தான். அவள் பிரேக்கில் நின்றுகொண்டு, "உங்க அக்காவை நினைச்சு இழுங்க" என்றாள். இழுத்தேன், கழன்றது. கைடு நீ சொன்ன மாதிரியே உடைந்து துண்டு துண்டாகத் தொட்டியில் கிடந்தது. எல்லாவற்றையும் பொறுக்கி, சேர்த்து வைத்துப் பார்த்து, ஒரு துண்டும் பாக்கியில்லை என்று உறுதி செய்துகொண்டேன். ஒரு நட்டும் உள்ளே விழவில்லை.

புதுச் செயினையும் போட்டுவிட்டேன். மூன்று மஞ்சள் கண்ணிகளும் அதனதன் இடத்தில் அழகாக உட்கார்ந்தன. நீ சொன்னபடி கையால் இரண்டு சுற்று சுற்றினேன். பல்சக்கரத்தின் புள்ளி எஞ்சினின் கோட்டுக்கு நேராக வந்து நிற்கிறது. ஆனால் மஞ்சள் கண்ணிகள் மூன்றும் அங்கே இல்லை. எங்கேயோ போய்விட்டன. மேலே ஒன்றும் இல்லை, கீழே இருக்க வேண்டியது பக்கவாட்டில் நிற்கிறது.

எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட்டேன். மறுபடி இரண்டு சுற்று. மறுபடி அதே கதை.

நான் எதை நம்புவது, புள்ளியையா, மஞ்சளையா? தப்பாக மூடி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. கேலி செய்துகொள், ஆனால் இதற்கு மட்டும் பதில் எழுதிவிடு. தபால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தம்பி

*

மார்ச் 30

தம்பிக்கு,

சுகம். பதில் எழுத நேரமில்லை, பட்டறையில் வேலை அப்படி. தைலம் வந்தது. வாசனை பரவாயில்லை.

மஞ்சள் அங்கே போயிற்று, புள்ளி இங்கே நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். கண்ணால் பார்க்காமல் சொல்வதற்கு நான் என்ன குறி சொல்கிறவளா? செயின் தப்பாக இருக்கலாம். பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். போட்ட ஆள் தப்பாக இருக்கலாம், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வேலை தெரிந்தவன் கையில் மஞ்சள் ஏன் ஓடுகிறது? உன்னிடம்தான் எல்லாமே ஓடிப் போகும்.

நான் முதலிலேயே சொன்னேன். எஞ்சின் என்றால் தோட்டத்து மண் என்று நினைத்துக்கொண்டாய். தோண்டினோம், மூடினோம், முளைத்தது என்று இருக்க அது என்ன வெண்டைக்காயா? ஸ்டார்ட் செய்து தொலைக்காதே, அவ்வளவுதான் நான் சொல்வது. அப்படியே இழுத்துக்கொண்டு இங்கே வா. நான் ஒரே நாளில் போட்டுக் கொடுக்கிறேன்.

பில் மேஜைக்கு ஒரு புது நாற்காலி வாங்கினேன். பழையது முதுகை வாங்குகிறது என்று நீதான் ஓயாமல் புலம்புவாய். வாங்கி வைத்துவிட்டுப் பார்த்தால் உட்கார ஆள் இல்லை. இப்போது நானே பில்லும் எழுதுகிறேன். ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் பேனா. நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

இருவரும் இருக்கிறோம்.

நீ செயின் தப்பாக இருக்கலாம் என்று எழுதியதால், வெளியூருக்குச் சொல்லி வேறு செயின் வரவழைத்தேன். வந்து சேரவே நாள் ஓடிவிட்டது. அதையும் போட்டேன். அதே இரண்டு சுற்று, அதே மாதிரி மஞ்சள் ஓட்டம். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, இப்போது கண்ணை மூடிக்கொண்டே செய்வேன். செய்து என்ன?

நேற்று நகராட்சி ஆள் வந்து கன்றுகளைப் பார்த்துவிட்டுப் போனார். கன்றைப் பார்த்ததைவிட வயிற்றைத் திறந்து நிற்கும் வண்டியைத்தான் அதிகம் பார்த்தார். "கொண்டாந்து சேத்துடுவீங்கல்ல?" என்றார். சேர்த்துவிடுவேன் என்றேன். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அவள் மட்டும் உறுதியாகத் தலையாட்டினாள்.

உன்னிடம் இரண்டாவது தடவை கேட்கிறேன். மஞ்சள் ஏன் நிற்கவில்லை? தெரிந்தால் சொல். தெரியாவிட்டால் மாதக் கடைசியில் லாரி அனுப்பு. வண்டியையும் இழுத்துக்கொண்டு, பண்ணையையும் யாருக்காவது கொடுத்துவிட்டு, வந்து உன் நாற்காலியில் உட்காருகிறேன். பில்லு வந்துவிட்டான் என்று நெட்டையன் ஊருக்கெல்லாம் சொல்லட்டும்.

தம்பி

*

ஏப்ரல் 19

தம்பிக்கு,

நலம். லாரி மே முதல் வாரம் வரும், நம் டிரைவர்தான் வருகிறார். இழுவைக் கம்பியைச் சரியாக மாட்டத் தெரிந்தவர், நீ நடுவில் கை வைக்காதே.

மாடி அறையில் ஃபேன் மாட்டியாயிற்று. தண்ணீருக்குத் தனிக் குழாய் போட்டிருக்கிறேன். அவளுக்குச் செடி வைக்க மொட்டைமாடியில் இடம் இருக்கிறது. வரும்போது தொட்டிகளை உடைக்காமல் கொண்டு வாருங்கள்.

அக்கா

*

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அவளும் ரொம்ப நலம். இவ்வளவு நலமாக இருந்து வெகு நாளாயிற்று.

உன் லாரி காலியாகத் திரும்பி வருகிறது. வண்டி ஓடுகிறது.

எப்படி என்று கேட்பாய். லாரி வருவதற்கு முதல் நாள், கடைசியாக ஒரு தடவை செயினைப் போட்டேன். இரண்டு சுற்றில் மஞ்சள் ஓடியது. கழற்றப் போனேன். அவள் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிவிட்டாள். "எத்தனை தடவைதான் கழட்டுவீங்க? ஓடிப்போனது எங்க போகும், அந்த வளையத்துக்குள்ளதானே இருக்கு. நிறுத்தாம சுத்துங்க" என்றாள். எனக்கும் வேறு வழியில்லை. சுற்றினேன். ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் புள்ளியும் கோடும் நேராக வந்தன, மஞ்சள் மட்டும் வேறு வேறு இடத்தில். கை கடுத்தது, அவள் சுற்றினாள். அவள் கை கடுத்தது, நான் சுற்றினேன். சுற்றிக்கொண்டே இருக்கும்போது மூன்று மஞ்சளும் பழையபடி அதனதன் இடத்தில் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. நாங்கள் இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அப்போதுதான் புரிந்தது. மஞ்சள் என்பது செயினை மாட்டும்போது மட்டும் பார்ப்பதற்கு. மாட்டிய பிறகு அது பாட்டுக்கு ஓடும், பல சுற்றுக்கு ஒருமுறைதான் திரும்பி வரும். பார்க்க வேண்டியது புள்ளியையும் கோட்டையும்தான். நான் முதல் தடவை போட்டதே சரி. மார்ச் மாதமே மூடியிருக்கலாம்.

உன் டிரைவர் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே ஸ்டார்ட் செய்து காட்டினேன். ஒரு சத்தம் இல்லை. நாளை முதல் நடை கன்று ஏற்றுகிறோம்.

ஆக, அக்கா, ஊரையே திட்டித் தொழில் நடத்தும் உனக்கு ஒரு செயினின் அரிச்சுவடி தெரியவில்லை. குறி சொல்கிறவளா என்று கேட்டாயே, குறி சொல்கிறவளாவது ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பாள். இத்தனை வருஷம் நீ எப்படித்தான் செயின் போட்டாய்? நெட்டையன் போட்டு, நீ பக்கத்தில் நின்று கத்தினாயா? இனிமேல் சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் எனக்கு எழுதிக் கேள்.

ஆனால் ஒன்று. நான் கதையைச் சொன்னதும் உன் டிரைவர் சிரித்தார். "அக்காவுக்குத் தெரியாததா இது? தெரிஞ்சே விட்டிருப்பாங்க சார், உங்களைக் கூப்பிட்டுக்க" என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார், நான் உன் மார்ச் கடிதத்தை எடுத்து நாலு தடவை படித்தேன்.

நான் இரண்டு தடவை கேட்டேன். தெரிந்துகொண்டே நீ என்னைக் கழற்றி மாட்ட விட்டிருந்தால், அவளையும் சேர்த்து அழ விட்டிருந்தால், நான் உன் வாசலை மிதிக்க மாட்டேன். இதுதான் கடைசிக் கடிதம். தெரியாமல்தான் இருந்தாய் என்றால் ஒரு வரி எழுது. "எனக்குத் தெரியாது" என்று. உன் வாழ்க்கையில் நீ யாருக்கும் எழுதாத வரி அது. எழுதுகிறாயா பார்க்கிறேன்.

தம்பி

*

மே 4

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி எழுதிய கடிதமும் இதோடுதான் வந்திருக்கும். இது தனி உறையில், அவருக்குத் தெரியாமல். உங்கள் கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தைலம் தீர்ந்தால் சொல்லுங்கள்.

நான் சுற்றச் சொன்னேன் என்று அவர் எழுதியிருப்பார். அது என் புத்தி இல்லை, அண்ணி. கல்யாணமான புதிதில் நான் உங்கள் பட்டறைக்குள் வந்து நின்றபோது, ஒரு மெக்கானிக்கை நீங்கள் திட்டிக்கொண்டிருந்தீர்கள். "மஞ்சள் எங்க போச்சுன்னு முழிக்காதே. அது மாட்டறதுக்குத்தான். அது பாட்டுக்குச் சுத்தி எப்பவோ வரும். புள்ளி நேரா நின்னா மூடிட்டுப் போ." அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு திட்டுகிறார்களே என்று பயந்துபோய் நின்றேன். அதனால்தான் மறக்கவில்லையோ என்னவோ. அவர் கடைசித் தடவை கழற்றக் குனிந்தபோது உங்கள் குரல் அப்படியே காதில் கேட்டது.

நட் விழாமல் துணி அடைக்க வேண்டும் என்றுகூட எழுதினீர்கள். டென்ஷனர், கைடு, பிளக் எல்லாம் எழுதினீர்கள். இதை மட்டும் எழுதவில்லை. சரி, எழுதும்போது விட்டுப்போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் இரண்டு தடவை கேட்டாரே.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். வளர்ந்த மனிதர், கையெல்லாம் ரத்தமாக, தன்னால் ஒன்றுக்கும் ஆகாது என்று என்னிடம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் அவரிடம் எதையும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. ஆனால் உங்களை எனக்குத் தெரியும். "ஆமாம், தெரிஞ்சுதான் விட்டேன், இப்ப என்ன?" என்று எழுதுகிற ஆள் நீங்கள். அப்படி எழுதினால் அவருக்கு அக்கா இல்லை. யோசித்து எழுதுங்கள்.

வணக்கத்துடன்,
உங்கள் தம்பி மனைவி

*

மே 20

தம்பி பெண்டாட்டிக்கு,

நலம். தைலம் இன்னும் இருக்கிறது.

உனக்கு வாய் நீளம் என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். காதும் நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இதையும் நீ கிழித்துவிடு.

எனக்கு யோசனை சொல்கிற அளவுக்கு நீ வளரவில்லை. மண்ணைப் பையில் அள்ளிப் போடுகிறவள் எனக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறாய். உன் கோபம் எனக்கு ஒரு பொருட்டில்லை.

முதலில் விட்டுப்போனதுதான். அதை யார் எழுதுவார்கள், எந்த மடையனுக்கும் தெரிந்த விஷயம். பிறகு அவன் கேட்டு எழுதினான். பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதினால் போதும், வண்டி ஓடும், அவன் வரமாட்டான். மூன்று வாரம் எழுதாமல் இருந்தேன். நாள் முழுக்க இந்தப் பட்டறையில் என்னோடு பேசுகிற எல்லோரும் நான் சம்பளம் கொடுக்கிறவர்கள். கதவைச் சாத்திவிட்டு மேலே போனால் அதுவும் இல்லை. என் தம்பி வந்து கீழே உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. அவனை அழ வைக்க நினைக்கவில்லை.

உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ஒன்றும் இல்லை. நீ சொல்லாமல் இருந்ததற்காகச் சொல்கிறேன்.

அண்ணி

*

மே 20

தம்பிக்கு அக்கா எழுதுவது,

நான் நலம். நீயும் அவளும் நலமாக இருங்கள். கன்றுகளை எல்லாம் இறக்கியாயிற்றா? வெயில் நேரத்தில் ஏற்றாதே, வேர் காய்ந்துவிடும். இதுவும் உனக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும்.

எனக்குத் தெரியாது.

மஞ்சள் ஓடும் என்று எனக்குத் தெரியாது. செயின் போடுவது எப்போதும் நெட்டையன்தான். நீ எழுதியது சரி, நான் பக்கத்தில் நின்று கத்துவதோடு சரி. நீ கேட்டபோது தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் உன்னைத் திட்டி எழுதினேன். மார்ச் மாதமே நீ சரியாகத்தான் போட்டிருக்கிறாய். முதல் தடவையிலேயே.

டிரைவர் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறார். நேற்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, "எனக்கு அது தெரியாதுப்பா. என் தம்பிதான் கண்டுபிடிச்சான். இனிமே யாரும் வேற மாதிரி பேசக் கூடாது" என்றேன். வெல்டிங்காரர் இருந்தார், பெயிண்டர் இருந்தார், வண்டி விட வந்த இரண்டு வாடிக்கையாளர்களும் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. நெட்டையன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சோற்றுத் தட்டின் மேல் குனிந்துகொண்டான். அவனுக்குச் செயின் போடக் கற்றுக்கொடுத்தது யார் என்று நீ அவனிடம் கேட்க வேண்டாம்.

நீ கேட்ட வரியை எழுதிவிட்டேன். நம்பாவிட்டால் உன் வண்டியிலேயே வந்து, இங்கே இருக்கும் எல்லோரையும் கேட்டுப் பார்.

அக்கா